களப்பங்கரையில் ஒரு தகரப் பெட்டி

சென்ற டிசம்பர் விடுமுறையில் கல்பிட்டிப் பக்கம் போய் வரும் வாய்ப்புக் கிடைத்தது. அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் என்னோடு ஓதிய நண்பர் ஒருவர் அங்கே களப்பை ஒட்டிய ஒரு கிராமத்தில் இமாமாக இருக்கிறார். அவருடைய மகனுக்கு வலீமா. “ஒரு நாள் முந்தியே வந்துவிடுங்கள், மௌலவி. பேசிக் கனகாலமாச்சு” என்று எழுதியிருந்தார்.

புத்தளம் நகரிலிருந்து தெற்கே சிறிது தூரத்தில் பாலாவிச் சந்தி. அங்கே பஸ் மேற்கே திரும்பியதும் இருமருங்கும் உப்பளப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்கின்றன. அதைத் தாண்டினால் பாதை வடக்கு நோக்கி வளைந்து, இடப்பக்கம் கடலும் வலப்பக்கம் களப்புமாக நீண்டு கிடக்கும் மணல் நாக்கின் மீது ஓடுகிறது. புத்தளம் களப்பின் பரப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர். இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் பெரும்பகுதி ஆள் ஆழம்கூட இல்லை என்றால் நம்புவது சிரமம். மீ ஓயாவும் கலா ஓயாவும் கொண்டு வந்து கொட்டும் நன்னீரும், வடக்கு வாயால் ஏறி வரும் கடல் நீரும் கலக்கும் இடம் இது. கரையோரம் கண்டல் மரங்கள். இறாலும் மீனும் பெருகும் இடத்துக்குப் பறவையும் வரத்தானே செய்யும்!

1344ஆம் ஆண்டில் இப்னு பதூதா கரையிறங்கிய ‘பத்தாலா’ இந்தப் புத்தளம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கரையெல்லாம் கறுவாக் கட்டைகள் ஒதுங்கிக் கிடந்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார். இன்று அவர் வந்தால் முதலில் கண்ணில் படுவது நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும், மாம்புரிக் கரையில் சுழலும் காற்றாலைகளுமாகத்தான் இருக்கும். அவற்றின் கீழே அதே மணலில் வெங்காயமும் மிளகாயும் பயிராகின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் வந்து குடியேறியதும் இந்த மாவட்டத்தில்தான். வழிநெடுக ஓலைக் கொட்டில்களாக இருந்த அகதி முகாம்களை நான் மாணவனாக இருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். இன்று அவை கல்வீடுகளாகி, பள்ளிவாசல்களும் எழும்பியிருக்கின்றன.

நண்பரின் வீட்டை அடைந்தபோது அஸருக்கு நேரமாகியிருந்தது. தொழுதுவிட்டு வந்து பின்வாசலில் அமர்ந்தோம். வேலிக்கு அப்பால் தென்னந்தோப்பு. அதற்கும் அப்பால் வெள்ளித் தகடு போலக் களப்பு. நண்பரின் மாமனார் மாமரத்தடியில் ஒரு பழைய தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கும் வயது. கை மட்டும் நடுங்கவில்லை. மறுநாள் பெரியவர்களின் சஹனுக்கென்று வாங்கி வந்திருந்த ஊர்க்கோழிகள் வீட்டின் மறுபுறம் கூடுகளில் இருந்தன.

“மாமா, இதென்ன பெட்டி?” என்றேன்.

“கோழிக்கு எடுக்கிறன், ஹஸரத். ஆனா இது கோழிக்குச் செஞ்ச சாமான் இல்ல. தாராவுக்குச் செஞ்சது” என்றார்.

அன்று மஃரிப் வரை நான் அந்தப் பெட்டியை விட்டு எழும்பவில்லை.

முதலில் ஒரு சிறு கத்தியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அலகு ஒரு சாண் கூட இல்லை. மரம் அரியும் பழைய வாளின் துண்டைத் தேய்த்துச் செய்தது. பிடி முதிரை மரம். அதற்கு ஒரு தோல் உறை, உறையில் ஒரு நாடா. இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவதற்காம். அடுத்தது, அதைவிடச் சற்று அகலமான இன்னொரு கத்தி. “இது வயிறு கீற. அறுக்கிற கத்தியால வயிறு கீறப்படாது. கூர் மழுங்கிப் போகும். மழுங்கின கத்திய அடுத்த கழுத்துல வைக்க மனசு வருமா?” என்றார். தையற்காரரின் கத்தரிக்கோல் போல ஒன்று, இறக்கை நுனியையும் காலையும் தறிக்க. சைக்கிள் கம்பியின் முனையை வளைத்து, கூர் போகத் தேய்த்து மொழுமொழுப்பாக்கிய ஒரு கொக்கி. ஒரு சாணைக்கல். பழைய மீன் வலையில் தைத்த பை. சாம்பல் நிரப்பிய ஒரு பால்மா டின்.

கொக்கி எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் பின்பக்கத்தில் சிறு வாய் திறந்து, கொக்கியை உள்ளே விட்டு ஒரு திருகுத் திருகி இழுத்தால், குடல் அறுந்து கழிவு சிந்தாமல் முழுசாக வெளியே வருமாம். குடல் அறுந்தாலும் பித்தப்பை உடைந்தாலும் இறைச்சி பாழ். மேல்நாடுகளில் பறவை வேட்டைக்காரருக்கென்று விற்கும் மடக்குக் கத்திகளில் இதே கொக்கியைக் கைப்பிடியோடு சேர்த்தே செய்கிறார்கள் என்பதைப் பின்னர் ஒரு பட்டியலில் படம் பார்த்து அறிந்தேன். படத்தையோ பட்டியலையோ பாராத ஒருவர் சைக்கிள் கம்பியில் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்!

வலைப்பை காற்றோட்டத்துக்காக. “சாக்குல போட்டா சூடு அடங்காது. நம்ம வெயிலுக்கு ரெண்டு மணித்தியாலத்துல மணக்கும். குடலை அங்கேயே எடுத்துப்போட்டு வலையில தொங்க விடணும்.” சாம்பல், சிறு தூவிகளைப் பிடுங்கும்போது விரல் வழுக்காமல் இருக்க. தாராவின் இறகில் எண்ணெய் ஊறியிருப்பதால் கோழிக்குப் போலச் சுடுநீர் லேசில் உள்ளே இறங்காது. ஆகவே உடலின் சூடு ஆறுமுன் காய்ந்த இறகாகவே பிடுங்கி, மிச்சத்தைத் தென்னோலைச் சூளில் வாட்டி எடுப்பார்களாம். குளிர்நாடுகளில் உருக்கிய மெழுகில் தாராவை முக்கி, மெழுகு இறுகியதும் தோலுரிப்பது போல இறகோடு சேர்த்து உரிக்கிறார்கள். இங்கே மெழுகு விற்கும் விலைக்குத் தென்னோலையே போதும்! வாலடியில் இருக்கும் நெய்க்கட்டியை மறவாமல் வெட்டி வீச வேண்டும். அதை விட்டால் கறி முழுவதும் சேற்று வாடை.

சுடுநீர் என்றதும் எனக்குள் இருந்த ஆசிரியன் விழித்துக்கொண்டான். கோழியை அறுத்ததும் குடலெடுக்காமல் கொதிநீரில் நீண்ட நேரம் போட்டு வைத்தால் உள்ளிருக்கும் அசுத்தம் இறைச்சியில் ஊறிவிடும் என்று ஹனஃபீ சட்ட அறிஞர்கள் கடுமையாகப் பேசியிருக்கிறார்கள். இறகு இளகும் அளவுக்கு ஒரு முக்கு முக்கி எடுப்பது வேறு, வேகும்வரை விடுவது வேறு. கழுத்து இரத்தத்தை முதலில் கழுவுவதும் பேணுதல். இதை நான் சொன்னபோது மாமா, “எங்க உம்மா அப்படித்தான் செய்வாங்க. கிதாபு ஓதி இல்ல” என்று சிரித்தார்.

நான் கேட்க விரும்பியது அந்தச் சிறு கத்தியைப் பற்றி. துவக்கால் சுட்டு விழுத்துகிறவருக்கு இடுப்பில் கட்டிய கத்தி எதற்கு?

“ஹஸரத்மாருக்கு நான் சொல்லணுமா? சுட்டது செத்துப்போனா எங்களுக்கு அதுல என்ன இருக்கு? உசிரோட எட்டிப் பிடிச்சாத்தான் கறி. பத்துச் சுட்டா நாலு கையில அம்பிடும். மிச்சம் தண்ணியில.”

பதினெட்டு வருடங்களாக வேட்டையும் அறுப்பும் பற்றிய பாடத்தை வகுப்பில் நடத்துகிறேன். கூர்முனையால் காயம்பட்டு இறந்த வேட்டைப் பிராணிக்கும், பருமனான பக்கம் தாக்கி இறந்த பிராணிக்கும் உள்ள வேறுபாட்டை அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் விளக்கியது, வேட்டையாடியது தண்ணீரில் விழுந்து கிடந்தால் அதைக் கொன்றது உன் அம்பா தண்ணீரா என்று அறிய முடியாததால் உண்ண வேண்டாம் என்றது, எல்லாம் மனப்பாடம். அடிபட்டுச் செத்ததைத் திருமறையின் ஐந்தாவது அத்தியாயம் தடுத்திருக்கிறது. துவக்கு ரவை கிழித்துக் கொல்கிறதா, இடித்துக் கொல்கிறதா என்பதில் பிற்கால அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. நம் நாட்டில் பரவலாகப் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, நிலையான உயிரோடு எட்டிப் பிடித்து முறையாக அறுத்தால்தான் ஹலால். மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுமையாக அறுபட வேண்டும். பக்கத்து இரு இரத்தக் குழாய்களையும் அறுப்பது ஸுன்னத். இத்தனையும் சொல்லிக் கொடுத்த எனக்கு, இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் கத்தியோடு ஓடுகிற காட்சி ஒரு நாளும் மனதில் தோன்றியதில்லை. தண்ணீர் பற்றிய அந்த நபிமொழி இந்தக் களப்புக்கென்றே சொன்னது போல இருந்தது.

கத்தியை ஏன் இப்போதே தீட்டுகிறீர்கள், அறுப்பது காலையில்தானே என்றேன். “காலையில தீட்டினா கோழி பார்க்கும்” என்றார். பிராணிக்கு முன்னால் கத்தியைத் தீட்டக் கூடாது என்பதும், அறுப்பவர் அலகைக் கூராக்கிப் பிராணிக்கு இலகுவாக்க வேண்டும் என்பதும் நபிமொழியில் உள்ளவைதான். கூடுகளை வீட்டின் மறுபுறம் வைத்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

இந்த வேட்டையெல்லாம் பழங்கதை என்பதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. மாமா தம் துவக்கைப் போர்க் காலத்தில் ஒப்படைத்தவர், பிறகு அதைத் தேடிப் போகவில்லை. 1937இல் இயற்றப்பட்ட வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இறுகி, இன்று காட்டுத் தாராவைச் சுடுவதும் பிடிப்பதும் குற்றம். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலுள்ள ஆனைவிழுந்தான் குளங்கள் 2001இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன. ஊசிவாலும் நீலச்சிறகும் கொண்ட தாராக்கள் ரஷ்யாவின் குளிருக்கு அஞ்சி ஆயிரக்கணக்கான மைல் பறந்து இங்கே ஒதுங்கி, ஏப்ரலுக்குள் திரும்பி விடுகின்றன. விருந்தாளியைச் சுடுவதற்குச் சட்டம் இடம் தராததில் எனக்கு வருத்தமில்லை.

மாமா இன்னொன்றும் சொன்னார். தாராவின் அரைவைப்பையைக் கீறிக் கழுவும்போது மணலோடும் பருக்கைக் கல்லோடும் சில வேளை ஈய ரவைகளும் கிடக்குமாம். சுட்டுப் பாய்ந்த ரவை அல்ல, தாரா விழுங்கியது. இரையை அரைக்கக் கல் பொறுக்கும் தாரா, சேற்றில் விழுந்து கிடக்கும் ரவையையும் கல்லென்று எண்ணி விழுங்குகிறது. ஈயம் கரைந்து அதன் உடம்பில் நஞ்சாகிறது. இந்தக் காரணத்தால்தான் அமெரிக்கா 1991இல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஈரநிலங்களில் தடுத்தது. மாமா அந்த ரவைகளை ஒரு சிறு போத்தலில் சேர்த்து வைத்திருந்தார். குலுக்கிக் காட்டினார். மழை பெய்வது போல் ஒரு சத்தம்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்லச் சற்று நேரம் இருக்கையில் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஒரு சிறுவன் வந்தான். பத்து, பதினொரு வயது இருக்கும். அரைக் காற்சட்டை ஈரமாயிருந்தது. கழுத்தில் கெட்டப்போல், கையில் ஒரு சிறு தாரா. பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டபடி அவன் தாய். மன்னார்ப் பக்கமிருந்து 1990இல் பெயர்ந்து வந்த குடும்பமாம். வாப்பா மீன்பிடிப்பவர். படகு எஞ்சின் பழுதாகி இரண்டு வாரமாக அவருக்குத் தொழில் இல்லை. இதையெல்லாம் நான் பிறகுதான் கேட்டறிந்தேன்.

தாராவின் நெஞ்சுப்பக்கம் பாதி இறகு பிடுங்கப்பட்டிருந்தது.

“ஹஸரத், இவன் கொண்டாந்தான். நான் தண்ணியும் கொதிக்க வச்சிட்டன். பிறகுதான் யோசனை வந்துது, கேட்டுட்டுச் செய்வம் எண்டு” என்றார் அந்தத் தாய். நண்பர் என்னைப் பார்த்தார். விருந்தாளிக்கு முன்னுரிமை என்று நினைத்தாரோ, அல்லது பக்கத்து வீட்டாரிடம் தாம் சொல்ல வேண்டாமென்று நினைத்தாரோ தெரியாது. நான் உற்சாகமாகக் கேட்கத் தொடங்கினேன்.

எங்கே இருந்தது? களப்பு ஓரத்தில். நீ எங்கே நின்றாய்? கண்டலுக்குள். எதனால் அடித்தாய்? கல்லால். பிஸ்மி சொன்னாயா? சொன்னேன். அடித்ததும்? தண்ணீரில் அடித்துக்கொண்டது. நீந்திப் போய்ப் பிடித்தபோது? ஆடவில்லை, தலை தண்ணீருக்குள் இருந்தது.

ஒவ்வொரு கேள்விக்கும் அவன் முகம் மலர்ந்தது. தன் திறமையை நான் விசாரிப்பதாக அவனுக்கு எண்ணம். எனக்கோ பாடத்தில் உள்ள இரண்டு தடையும் ஒரே பறவையில் வந்து சேர்ந்த வியப்பு. வாசகர்களிடம் ஒளிப்பானேன், அந்த வியப்பில் ஒரு மகிழ்ச்சியும் இருந்தது. மாமா தாராவை வாங்கி இறகை ஒதுக்கிப் பார்த்தார். தோலில் கீறல் இல்லை. காதோரம் இரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. ஒன்றும் பேசாமல் என் முன்னால் வைத்தார்.

“கூடாது. இது அடிபட்டுச் செத்தது. தண்ணீரிலும் மூழ்கியிருக்கிறது. ஹராம்” என்றேன், வகுப்பில் சொல்லும் அதே குரலில்.

தாய் ஒன்றும் சொல்லவில்லை. சிறுவன்தான் கேட்டான்: “பிஸ்மி சொன்னேனே ஹஸரத்?”

கல்லுக்குக் கூர் இல்லை மகனே என்று தொடங்கி, கல் சுண்டி எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததைச் சொன்னேன். அது வேட்டையையும் கொல்லாது, பகைவனையும் வீழ்த்தாது, கண்ணைப் பறிக்கும், பல்லை உடைக்கும் என்று அவர்கள் காரணம் கூறியதையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். “அப்ப என்கிட்டக் கத்தி இருந்து, அது உசிரோட இருந்திருந்தா?” என்றான்.

“அறுத்தா ஹலால்தான். பொலிஸ் பிடிச்சா கோட்டுக்குப் போகணும். அதனால கெட்டப்போலைக் களப்புப் பக்கம் கொண்டு போகாத” என்று மாமா முடித்துவிட்டார். தாய் அந்தத் தாராவைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். தோப்பு ஓரத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சொன்ன சட்டத்தில் பிழையில்லை. இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரியிடம், அவள் பிள்ளையின் முன்னால், அதை அப்படித்தான் சொல்ல வேண்டுமா? ‘கேட்டுட்டுச் செய்வம்’ என்று, இல்லாத வேளையிலும் பாதி பிடுங்கிய இறகோடு நின்று யோசித்தாளே! அந்தப் பேணுதலைப் பாராட்டி ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. சட்டைப்பையில் கிடந்த பணத்தைக் காலையில் கொடுக்கலாமா என்றும் எண்ணினேன். ஏற்பார்களோ, மனம் நோவார்களோ என்ற தயக்கம்.

ஸுபுஹு தொழுதுவிட்டு வந்தபோது மாமரத்தடியில் வேலை தொடங்கியிருந்தது. மாமா கோழிகளை ஒவ்வொன்றாக மறைவிலிருந்து கொண்டுவரச் செய்து, கிப்லாப் பக்கம் திருப்பி, இறக்கைகளை இடக்கையில் ஒடுக்கிப் பிடித்து, பிஸ்மி சொல்லி ஒரே இழுப்பில் அறுத்தார். துடிப்பு முற்றாக அடங்கும்வரை எதையும் தொட விடவில்லை. அவருக்குப் பக்கத்தில், சாம்பல் டின்னை மடியில் வைத்துக்கொண்டு இறகு பிடுங்கியவன் நேற்றைய சிறுவன்.

“இவனுக்குக் கூலி பேசியாச்சு, ஹஸரத். ரெண்டு கோழியும் விருந்துச் சோறும். ஒரு கோழிய விடியக்காலையிலேயே முற்பணமாக் கொடுத்துட்டன்” என்றார் மாமா, என்னைப் பாராமலே.

சிறுவனின் கையில் இப்போது கொக்கி இருந்தது. முதல் இரண்டு கோழிகளிலும் குடல் பாதியில் அறுந்துபோயிற்று. மாமா கழுவி, அவன் கையைப் பிடித்துத் திருகும் விதத்தைக் காட்டினார். மூன்றாவதில் முழுசாக வந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். “மாஷா அல்லாஹ்” என்றேன். நேற்றுச் சொல்லாததையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

பிறகு அரைவைப்பையைக் கீறிக் கழுவத் தொடங்கினான். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து விரலால் துழாவினான்.

“ஈயம் இல்ல, அப்பா” என்றான். சற்றுக் கழித்து, “ஒரு பொத்தான் இருக்கு!” என்று கத்தினான். நீல நிறச் சட்டைப் பொத்தான். அரைபட்டு விளிம்பு தேய்ந்திருந்தது. மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஈய ரவைப் போத்தலைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.